கல்லாவில் உட்காரச் சொந்தபந்தம் இல்லாதவர் தேவை

1

விசா புதுப்பிக்கிற மாதம் வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இந்த நாட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஈப்போவில் தங்கிவிட்ட என்னைப் போன்ற அசலூர் மாப்பிள்ளைகள் தனியாகப் போய் நின்றால் வேலை நடக்காது. மனைவியும் கூட வரவேண்டும். வந்து, இவர் என் வீட்டுக்காரர்தான், இன்னும் என்னோடுதான் இருக்கிறார் என்று கவுண்டரில் ஒப்புக்கொள்ள வேண்டும். குடும்பமே தன் கையில்தான் இருக்கிறது என்று நம்மூர் டீக்கடையில் அளந்துகொண்டிருக்கும் ஆம்பிளைகளை ஒரே ஒரு தடவை இங்கே கூட்டி வந்து அந்த நாற்காலியில் உட்கார வைக்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இந்த வருஷம் குடிநுழைவு அலுவலகத்துக்குக் கிளம்பிய காலையில் எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் ஒரு சின்னத் தகராறு. காகிதங்களை நான் திரும்பத் திரும்ப எடுத்துச் சரிபார்த்ததில் அவள் நிம்மதியாகப் பசியாறவில்லையாம். அந்தக் கோபத்தோடுதான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி அவளைப் பார்த்து, இவர் உங்கள் கணவர்தானே என்று மலாயில் கேட்டார். ஸ்டெல்லா என்னைத் தலையிலிருந்து செருப்பு வரை ஒரு முறை பார்த்தாள். வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்ப்பதற்கு முன்னால் பார்ப்பாளே, அந்தப் பார்வை. அப்புறம், "இன்னிக்கி வரைக்கும்" என்றாள். அதிகாரி சிரித்துவிட்டார். எனக்கு முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது.

பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரக் கூப்பிடும்வரை வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். அப்போதுதான் ஜொகூரிலிருந்து போன் வந்தது. ஸ்டெல்லாவின் பெரியம்மா மகள் பிலோமினா. தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய் ஒரு ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறவள். ஸ்டெல்லா வேலை பார்த்த கையுறைத் தொழிற்சாலையில் ஆளைக் குறைத்ததிலிருந்து, நீயும் வந்துவிடு, என் வீட்டிலேயே தங்கிக்கொள், மாசம் ஒரு தடவை ஈப்போவுக்குப் போய்க்கலாம் என்று வாரம் தவறாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஸ்டெல்லா வழக்கம்போல மறுக்கவில்லை. யோசிச்சுச் சொல்றேன் என்றாள்.

எனக்கு முதலில் வந்த கவலையை உள்ளபடி எழுதுகிறேன், சிரிக்காதீர்கள். இவள் ஜொகூர் போய்விட்டால் அடுத்த வருஷம் என்னோடு கவுண்டருக்கு யார் வருவார்கள்? இரண்டாவது கவலை, பதினைந்து வயசு மகளோடு நான் ஒருவன் வீட்டில் என்ன பேசுவது. மூன்றாவதுதான் உண்மையான கவலை. ஊரை விட்டு வந்தவன் நான். ஒருத்தர் மாசம் ஒரு தடவை வருவேன் என்று சொன்னால், அது எப்படி ஆரம்பித்து எங்கே போய் நிற்கும் என்பது எனக்குத் தெரியும்.

பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்ததும் ஸ்டெல்லாவிடம், "நீங்க எந்தத் தோட்டம்?" என்றார்.

இந்தக் கேள்வியை நான் உங்களுக்கு விளக்கியாகவேண்டும். பேராக் மாநிலத்தில் தமிழர் இரண்டு பேர் சந்தித்தால் பேரைக் கேட்பதற்கு முன்னால் தோட்டத்தைக் கேட்பார்கள். ரப்பர்த் தோட்டமோ, தென்னந்தோட்டமோ, அப்பா அம்மா எங்கே வேலை பார்த்தார்கள் என்று. தோட்டமே இப்போது இருக்காது. பாமாயில் எடுக்கிற செம்பனையாகவோ வீடமைப்பாகவோ ஆகியிருக்கும். கேட்கிறவர் கணினிப் பொறியாளராக இருப்பார். ஆனாலும் கேள்வி அதேதான். கேட்ட கொஞ்ச நேரத்தில் எங்கேயாவது ஒரு முடிச்சு அகப்பட்டுவிடும். அந்த அம்மா சரோஜா, சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டம். ஸ்டெல்லா பாகான் டத்தோ. சரோஜா அக்காவின் மாமனாருடைய தங்கையைக் கட்டியவர் பாகான் டத்தோ தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்தாராம். சின்ன வயதில் ஸ்டெல்லாவுக்கு ஊசி போட்டவரே அவர்தானாம். முடிந்தது. என் பாஸ்போர்ட் வருவதற்குள் இவர்கள் உறவாகிவிட்டார்கள்.

சரோஜா அக்காதான் அந்தப் பயிற்சியைப் பற்றிச் சொன்னார். நம்ம ஜனங்கள் சொந்தமாகத் தொழில் செய்யக் கற்றுக்கொடுக்கிறார்களாம். சனிக்கிழமைகளில் ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தில். கட்டணம் இல்லை. முடிவில் ஒரு சந்தை நடக்கும். அதில் நன்றாகச் செய்கிறவர்களுக்குப் பேரங்காடியில் வாடகையில்லாமல் ஒரு வருஷத்துக்குச் சின்னக் கடை.

மோட்டார் சைக்கிள் அருகே வந்ததும் ஸ்டெல்லா முடிவைச் சொன்னாள். அந்தக் கடை கிடைத்தால் ஈப்போ. கிடைக்காவிட்டால் ஜொகூர்.

2

நான் எட்டாவதோடு நின்றவன். முசிறிப் பக்கத்துத் தா.பேட்டையில் எங்கள் கணக்கு வாத்தியார் வகுப்பில் என்னை எழுப்பி நிறுத்தி, "உனக்கெல்லாம் படிப்பு வராதுடா, எங்கயாவது போய் யாவாரம் பண்ணிப் பொழைச்சுக்க" என்றார். அன்றைக்கு அது சாபம். இன்றைக்கு அதற்கே வகுப்பு, சான்றிதழ், மத்தியானம் பிரியாணி. காலம் மாறிப்போச்சு சார் என்று அவரைத் தேடிப் போய்ச் சொல்லவேண்டும் போலிருக்கிறது.

வாத்தியார் சொல்லைத் தட்டாமல் நான் யாவாரத்துக்குப் போகத்தான் செய்தேன். முசிறி பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்றேன். பஸ் கிளம்பிவிடுமே என்ற பயத்தில் காசு வாங்குவதற்கு முன்னாலேயே மீதிச் சில்லறையைக் கொடுத்துவிடுவேன். பஸ் போய்விடும். பிஞ்சும் போய்விடும், சில்லறையும் போய்விடும். அப்புறம் சமையல் கற்றுக்கொண்டேன். அடுப்பு எங்கேயும் கிளம்பிப் போகாது என்பது பெரிய ஆறுதல்.

சமையல்காரனாகத்தான் ஈப்போவுக்கு வந்தேன். பெர்மிட் முடிந்து ஊருக்குத் திரும்பியபின், நான் வேலை செய்த வாழையிலைக் கடையில் தினமும் சாப்பிட வந்துகொண்டிருந்த ஸ்டெல்லா விமானம் ஏறி முசிறிக்கே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை பார்க்கப் பெண் தனியாக வந்த கதையை எங்கள் தெருவில் இன்னும் பேசுவார்கள். மாமியார் வீட்டுக்கு நான் முதன்முதலாகப் போனபோது அத்தை, "மாப்ளைக்குத் தண்ணி கலக்கட்டா?" என்று கேட்டார். வேதக்காரக் குடும்பத்தில் பகலிலேயே இப்படியா என்று ஆடிப்போய் வேண்டவே வேண்டாம் என்றேன். இங்கே டீ, காப்பி, மைலோ எல்லாமே தண்ணிதான். மாப்பிள்ளை டீ கூடக் குடிக்காத தங்கம் என்று பேர் வாங்கி, அந்த வீட்டில் பல மாதம் வெறும் நாக்கோடு உட்கார்ந்திருந்தேன்.

3

பயிற்சிக்கு ஸ்டெல்லாதான் பேர் கொடுத்தாள். மோட்டாரில் கொண்டுபோய் விடப்போன நான், வெளியே வெயில் என்று உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தவன்.

நடத்தியது துர்கா என்கிற சின்னப் பெண். கோலாலம்பூரிலிருந்து வருவாள். கெட்டிக்காரி. முதல் நாளே சரோஜா அக்கா அவளிடம் எந்தத் தோட்டம் மிஸ் என்று கேட்டார். கோலாலம்பூர் என்றாள். அது தெரியும், அதுக்கு முன்ன என்றார் ஒருவர். பெட்டாலிங் ஜெயா என்றாள். அதுக்கும் முன்ன என்றார்கள் நாலு பேர். கடைசியில் துர்கா ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டுத் தன் அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா, நாம எந்தத் தோட்டம் என்று கேட்டாள். பதில் சிலிம் ரிவர் என்று வந்தது. சரோஜா அக்கா எழுந்து போய் அவள் கன்னத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அதன்பிறகுதான் வகுப்பு தொடங்கியது.

ஸ்டெல்லாவின் சரக்கு நெத்திலி சம்பல். காய்ந்த மிளகாய், வெங்காயம், புளி, கொஞ்சம் பெலாச்சான் என்கிற இறால் விழுது, வறுத்த நெத்திலி. அவள் அம்மாவின் கைப்பக்குவம், என் அடுப்பு அனுபவம். அதை யாரும் குறை சொன்னதில்லை. அதற்குக் காசு கொடுத்தவர்களும் இல்லை.

இரண்டாம் வாரம் துர்கா விற்றுக் காட்டச் சொன்னாள். வாங்குகிறவராக ஆறுமுகம் அண்ணனை நிறுத்தினாள். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், ஆட்டுப் புழுக்கையில் உரம் செய்கிறவர், ஸ்டெல்லாவுக்கு முன்பின் தெரியாதவர். அதற்காகவே தேர்ந்தெடுத்தாள் பாவம். ஆறுமுகம் அண்ணன் பாட்டிலைக் கையில் எடுத்தார். விலையைக் கேட்கவில்லை. தோட்டத்தைக் கேட்டார். அவருடைய சின்னம்மாவும் ஸ்டெல்லாவின் அம்மாவும் ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், சுவருக்குச் சுவர் குடியிருந்தவர்கள் என்று தெரிந்தது. ஸ்டெல்லாவின் முகம் மலர்ந்தது. அண்ணே, ஒங்களுக்குப் போயி விக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டாக எடுத்து அவர் பையில் போட்டாள். அவர் விடுவாரா? ஒரு மூட்டை உரம் வீட்டுக்கே கொண்டுவந்து இறக்குகிறேன் என்றார். நாங்கள் இருப்பது குனோங் ராபாட்டில் மாடிவீடு. செடி வைக்க ஒரு சட்டி மண் கிடையாது.

துர்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். விலை என்ன சொன்னீங்க அக்கா என்று கேட்டாள். எங்க சொல்ல விட்டாங்க என்றாள் ஸ்டெல்லா.

சரி, சொந்தம் தெரியாத மாதிரி நடிங்க என்றாள் துர்கா. அப்போதும் ஸ்டெல்லாவால் முடியவில்லை. குனிந்துகொண்டு, இந்த ஊர்ப் பேச்சுக்கு வாலான லாவையும் சேர்த்து, "நீங்க பாத்துக் குடுங்கலா" என்றாள். அந்த வார்த்தையை வகுப்பிலேயே தடை செய்தாள் துர்கா. இனிமேல் யாரும் பாத்துக் குடுங்க என்று சொல்லக்கூடாது. விலையைச் சொல்ல வேண்டும், சொன்னதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதுதான் பாடம். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது? ஸ்டெல்லா விலையைச் சொல்லிவிடுவாள். வாயை மூடுவதுதான் வராது. எட்டு வெள்ளி என்பாள். (இங்கே காசுக்கு வெள்ளி என்றுதான் பேர்.) எதிரே இருப்பவர் ஒரு மூச்சு விடுவதற்குள், ஒங்களுக்குன்னா ஆறு, பரவால, அஞ்சு குடுங்க, சரி சும்மா எடுத்துக்கிட்டுப் போங்க என்று தனக்குத்தானே பேரம் பேசித் தரைமட்டத்துக்கு வந்துவிடுவாள்.

அப்போதுதான் துர்காவின் கண் கடைசி வரிசையில் என் மேல் விழுந்தது. நீங்க வாங்க அங்கிள் என்றாள். ஆறுமுகம் அண்ணன் மறுபடியும் வந்து நின்று, பழக்கதோஷத்தில் எந்தத் தோட்டம் என்று கேட்டார்.

"ஊர்லேர்ந்து வந்தவண்ணே" என்றேன். இங்கே ஊர் என்றால் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நம்மூர்தான்.

"ஓ" என்றார். அவ்வளவுதான். பேச்சு அங்கேயே செத்தது. வேறு பேச வழியில்லாமல் அவர் எவ்வளவு என்று கேட்டார். எட்டு வெள்ளி என்றேன். பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டதால் அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அவர் பையிலிருந்து காசை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

வகுப்பே கை தட்டியது. துர்கா என் தோளைத் தட்டி, "அங்கிள், இங்க ஒங்களுக்கு யாருமே இல்ல. அதுதான் ஒங்க பலம். கல்லாவுல நீங்கதான் ஒக்காரணும்" என்றாள்.

பாராட்டுத்தான். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த முதல் வாக்கியம் மோட்டார் சத்தத்தோடு கூடவே வந்தது. எந்தத் தோட்டம் என்கிற கேள்வி இந்த நாட்டில் ஒரு கதவு. எல்லோருக்கும் திறக்கும். நான் தட்டினால் மட்டும் ஓ என்று ஒரு சத்தம் வரும். அந்த மூடின கதவையே முதலாக வைத்து ஒரு கடை போடலாம் என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை.

4

ஒரு வாரம் பாடத்தின் தலைப்பு, தொழிலில் வரக்கூடிய ஆபத்துகள். ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள் என்றாள் துர்கா. போட்டி என்றார் ஒருவர். விலைவாசி என்றார் இன்னொருவர். பிறகு என் முறை வந்தது.

என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. மூடி சரியாக மூடாமல் போகலாம். சரியாக மூடினாலும் உள்ளே புளித்து வெடிக்கலாம். நெத்திலி முள் குழந்தை தொண்டையில் மாட்டலாம். கரண்டு போகலாம். வெள்ளம் வரலாம். பூனை வரலாம். மிளகாய் அரைக்கிற கையோடு ஸ்டெல்லா கண்ணைத் துடைத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம். யாராவது பெரிய மனிதர் சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டால், செய்தது யார் என்று விசாரித்து, அசலூர்க்காரன் என்று தெரிந்து, என் விசாவில் கை வைக்கலாம். வெண்பலகை நிறைந்து, துர்கா ஓரத்தில் நுணுக்கி எழுத ஆரம்பித்தாள். சரோஜா அக்கா, போதும் தம்பி, எனக்கே படபடன்னு வருது என்றார்.

துர்கா மட்டும் சந்தோஷமாக இருந்தாள். பெரிய நிறுவனங்கள் இப்படி யோசிப்பதற்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கின்றன என்றாள். நான் இத்தனை காலம் வீட்டில் இலவசமாகச் செய்துகொண்டிருந்தேன். பூனையையும் பெரிய மனிதரையும் அழித்துவிட்டு மிச்சத்தை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டாள். பாட்டிலைக் கொதிநீரில் எப்படிக் கழுவுவது, எண்ணெய் மேலே எவ்வளவு நிற்கவேண்டும், தேதி எங்கே ஒட்டவேண்டும் என்று ஸ்டெல்லாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவள் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும், நாங்கள் அதுவரை ஈரப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தது தப்பென்று. ஆனாலும் நான் முதல் பாட்டிலைப் படுக்கை அறையில் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கினேன், வெடித்தால் முதல் ஆளாகத் தெரிந்துகொள்ளலாமே என்று. ஸ்டெல்லா ஹாலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். பாட்டில் வெடிக்கவில்லை.

5

எங்கள் மகள் அனிஷா லேபிள் செய்துகொடுத்தாள். கைப்பேசியிலேயே வரைந்தாள். அழகாக இருந்தது. மலாயும் ஆங்கிலமும் இருந்தன. தமிழ் எங்கேம்மா என்றேன். தமிழாளுங்க லேபிள் படிக்க மாட்டாங்கப்பா, நேரா நம்மகிட்டயே கேப்பாங்க என்றாள். கோபப்படலாம் என்று வாயைத் திறந்தேன். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரி. மூடிக்கொண்டேன்.

என் தமிழ் அவளுக்கு சினிமாத் தமிழ். நான் திட்டினால்கூட வசனம் பேசாதீங்கப்பா என்பாள். நான் ஊரைப் பற்றி ஆரம்பித்தால் காதில் இயர்போனை மாட்டிக்கொள்வாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன? அவள் பார்த்த தா.பேட்டை என்பது கொசுவும் கல்யாண வீடும் கலந்த ஒரே ஒரு விடுமுறை. ஆனால் இந்தச் சம்பல் வேலை தொடங்கியபிறகு சாயங்காலங்களில் எங்களோடு உட்கார்ந்து நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அந்த வேலைக்கு இரண்டு கையும் வேண்டும். கைப்பேசியைத் தொட முடியாது. இந்த ஒரு லாபம் எந்தப் பாடத்திலும் வரவில்லை.

ஒரு நாள் கிள்ளிக்கொண்டே, "அம்மா ஜொகூர் போயிட்டா நீங்க சமைப்பீங்க, யாரு சண்ட போடுவா?" என்று கேட்டாள்.

6

சந்தை ஒரு சனிக்கிழமை, டவுனில் ஒரு மண்டபத்தில். துர்கா காலையிலேயே எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னாள். தேர்வாளர் ஒருவர் சாதாரண வாடிக்கையாளர் மாதிரி உள்ளே வருவார். அவர் யாரென்று துர்காவுக்கே தெரியாதாம். எவ்வளவு விற்றது என்பது அவருக்கு முக்கியமில்லை. சொன்ன விலைக்கு விற்கிறீர்களா, அல்லது கூட்டத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்ததும் அள்ளிக் கொடுக்கிறீர்களா என்றுதான் பார்ப்பார்.

இப்படிச் சொன்னால் என்னைப் போன்றவன் எப்படி நிம்மதியாக நிற்பது? சட்டைப்பையில் பேனா வைத்திருந்த ஒருவரை உடனே சந்தேகப்பட்டேன். அவருக்கு மட்டும் இரண்டு கையாலும் பாட்டிலைக் கொடுத்து, விலையைப் பள்ளிப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பது போலச் சொன்னேன். அவர் மண்டபத்துக் கரண்டு ஆள். விளக்கு எரிகிறதா என்று பார்க்க வந்தவர்.

மற்றபடி ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது. ஸ்டெல்லா திரைக்குப் பின்னால் சின்னக் கிண்ணங்களில் ருசி பார்க்கச் சம்பல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். முன்னால் வரக்கூடாது என்பது துர்காவின் உத்தரவு. அனிஷா பாட்டிலைத் துடைத்துக் கொடுத்தாள். அப்பா, குடிநுழைவு ஆபிசர் மாதிரி மூஞ்சிய வச்சிக்குங்க என்று எனக்கு யோசனையும் சொன்னாள். வைத்துக்கொண்டேன். வருகிறவர்கள் எந்தத் தோட்டம் என்றார்கள். ஊர்லேர்ந்து வந்தவன் என்றேன். ஓ என்றார்கள். காசு கொடுத்தார்கள். பக்கத்து மேசையில் ஆறுமுகம் அண்ணன் அதற்குள் முக்கால்வாசி உரத்தை முறைப்பிள்ளைகளுக்குத் தானம் செய்திருந்தார். எங்கள் மேசையில் பாட்டில்கள் முறையாகக் குறைந்துகொண்டு வந்தன. ஜொகூர் எனக்கு எட்டிப்போய்த் தெரிந்தது.

மத்தியானத்துக்கு மேல் ஓர் அம்மா வந்தார். பஞ்சாபி சூட், ஸ்போர்ட்ஸ் ஷூ, கழுத்தில் கயிற்றில் தொங்குகிற கண்ணாடி. பார்த்ததுமே எனக்கு நிச்சயமாகிவிட்டது, தேர்வாளர் இவர்தான். முதுகை நிமிர்த்தினேன்.

"தம்பி, நீங்க எந்தத் தோட்டம்?"

"ஊர்லேர்ந்து வந்தவம்மா."

ஓ வரவில்லை. "ஊர்ல எங்க?" என்றார்.

இந்த இரண்டாவது கேள்வியை இந்த நாட்டில் யாரும் என்னிடம் கேட்டதாக நினைவில்லை. முசிறிப் பக்கம் என்றேன். முசிறியில எங்க என்றார். தாத்தையங்கார்பேட்டை என்று முழுசாகச் சொன்னேன்.

"எங்கப்பா அப்படிச் சொல்ல மாட்டாரு. தா.பேட்டைன்னுதான் சொல்லுவாரு" என்றார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "அங்கேர்ந்து பாத்தா கொல்லிமல தெரியும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. இந்தக் குனோங் ராபாட் மலைங்கள காட்டுனா, இதெல்லாம் ஒரு மலையாம்பாரு. நாங்க யாரும் நம்புனதில்ல. நெசமாவே தெரியுமா தம்பி?"

"மழ விட்ட மறுநாள் பாக்கணும்க்கா. மடிப்பு மடிப்பாத் தெரியும்" என்றேன். அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் எந்த இடத்தில் அக்காவுக்கு மாறினேன் என்று எனக்கே தெரியாது.

"அப்ப அவரு பொய் சொல்லல" என்றார். பிறகு, "அப்ப நீங்க எனக்குத் தம்பி வேணும்" என்றார்.

அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, என் கைகள்தான் பொறுப்பு. அவை ஒரு பாட்டிலை எடுத்து அவர் பையில் வைத்தன. இன்னொன்றை எடுத்து வைத்தன. அவர் பர்ஸைத் திறக்கப் போனபோது ஒரு கை அதை மூடியது. உங்ககிட்டப் போய் வாங்குவனாக்கா, வச்சுக்கங்க என்று என் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லோரும் எல்லோருக்கும் இப்படிக் கொடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். கொடுக்க எனக்கும் ஒருத்தர் கிடைத்துவிட்டார். அந்த நேரத்தில் பேரங்காடியும் நினைவில் இல்லை, ஜொகூரும் நினைவில் இல்லை. அப்பா என்று அனிஷா என் சட்டையைப் பிடித்து இழுத்தது நினைவிருக்கிறது.

திரை விலகியது. ஸ்டெல்லா வந்தாள். கையில் சம்பல் கரண்டி. என்னைப் பார்க்கவில்லை. அந்த அக்காவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அக்கா, இவரு ஒங்க தம்பி. அதுல எனக்குச் சந்தோசந்தான். ஆனா சம்பல் என்னோடது. ஒரு பாட்டில் எட்டு வெள்ளி."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

ஆறு வரப்போகிறது, அஞ்சு வரப்போகிறது, சும்மா எடுத்துக்கிட்டுப் போங்க வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. கரண்டியிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் மேசைவிரிப்பில் விழுந்தது. அவள் வாய் திறக்கவேயில்லை.

அந்த அக்கா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பையிலிருந்த பாட்டிலில் ஒன்றை எடுத்துத் திறந்து மோந்து பார்த்தார். பிறகு பர்ஸைத் திறந்து, மகள்களுக்கும் சேர்த்து இன்னும் நாலு பாட்டில் கேட்டார். "கெட்டிக்காரியாத்தான் புடிச்சிருக்கீங்க தம்பி" என்று எனக்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார். காசை எடுத்துக்கொண்டே ஸ்டெல்லாவிடம், "ஆமா, நீ எந்தத் தோட்டம்மா?" என்றார்.

"மொதல்ல காசக் குடுங்கக்கா, அப்பறம் சொல்றேன்லா."

கொடுத்தார். அதற்கப்புறம் இரண்டு பேரும் மேசை ஓரத்தில் நின்று பேசியதில், வரிசையில் இருந்தவர்களுக்கு நான்தான் விற்கவேண்டியிருந்தது. எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

7

தேர்வாளர் அந்த அக்கா இல்லை. அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்த, கால்பந்து ஜெர்சி போட்ட, வடை தின்றுகொண்டிருந்த ஓர் ஆள். நான் அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்தவர் அவர்தான்.

முடிவைச் சொல்லத் துர்கா வீட்டுக்குப் போன் போட்டாள். அடுக்களையில் ஒலிபெருக்கியில் வைத்துக் கேட்டோம். கடை ஸ்டெல்லாவுக்கு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு என்று சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு படித்தாள்: கல்லாவில் இருப்பவரை உடனடியாக மாற்றவும். விலை சொல்லத் தெரிந்த அந்தப் பெண்மணியை அங்கே உட்கார வைக்கவும்.

அனிஷா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த நெத்திலியெல்லாம் தரையில் கொட்டியது. நான் பேரங்காடியில் தீப்பிடித்தால் வெளியே போகும் வழி எந்தப் பக்கம் என்று துர்காவிடம் கேட்டேன். அங்கிள், முதல்ல சந்தோஷப்படுங்க என்றாள்.

ஸ்டெல்லா கையைக் கழுவிக்கொண்டு, பிலோமினாவுக்குப் போன் போட்டாள். வழக்கமாக ஜொகூர் பேச்சு என்றால் வாசலுக்குப் போய்ப் பேசுகிறவள், அன்றைக்கு என் எதிரிலேயே நின்று பேசினாள்.

"நான் வரலக்கா. இங்க ஒரு ஆளுக்கு வேல குடுத்திருக்கேன். அவர விட்டுட்டு வர முடியாது."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். ஸ்டெல்லா என்னை ஒரு முறை பார்த்தாள்.

"சுமாராத்தான் செய்வாரு. பாத்துக்கிறேன்லா" என்றாள். போனை வைத்துவிட்டு, தரையில் கொட்டியதைப் பொறுக்கச் சொன்னாள். பொறுக்கினேன்.